மேட்டில் திணறும் பழைய மாருதி: கார்ப்பரேட்டரை மாற்றுவதற்கு முன்னால்

அடுத்த கேள்வி, கடையத்திலிருந்து ஒரு அண்ணாச்சி அனுப்பியிருக்கிறார். "97 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன், கார்ப்பரேட்டர் வண்டி. செங்கோட்டை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏற ஆரம்பித்ததும் இழுவை குறைந்து, விக்கி விக்கி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் ஓரங்கட்டிவிட்டு எடுத்தால் மறுபடியும் கொஞ்ச தூரம் போகிறது. மெக்கானிக் கார்ப்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?"

இப்போதைக்கு மாற்றாதீர்கள் அண்ணாச்சி. கடைமடை வயல் காய்ந்தால் முதலில் கால்வாயில் தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பார்ப்போம், வயலை வெட்டிக்கொண்டு நிற்க மாட்டோம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்ப்பரேட்டர்தான் இங்கே கடைமடை. அதுவரைக்கும் பெட்ரோல் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் உங்கள் கேள்வியைப் படித்தால் தெரிகிறது.

மேட்டில் மட்டும் ஏன் திணறுகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். மலை ஏறும்போது லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40-ல் போனால் ஒரு மணி நேரத்துக்கு 5 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 80 மில்லிக்கு மேல். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது இதில் ஐந்தில் ஒரு பங்குகூட வேண்டாம். அதனால் பாதி அடைத்த ஃபில்டரோடுகூட ஐட்லிங் அழகாக நிற்கும், தென்காசி ரோட்டில் சமமாக ஓடும். மேட்டில்தான் குட்டு வெளிப்படும்.

முதலில் இது பெட்ரோல் பிரச்சினையா, கரண்ட் பிரச்சினையா என்று பிரித்துவிடுங்கள். வண்டி திணறுகிற அந்த நேரத்திலேயே சோக்கை, அதாவது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுகிற குமிழை, பாதி இழுத்துப் பாருங்கள். சோக் போட்டதும் வண்டி கொஞ்சம் நிமிர்ந்து இழுத்தால் பெட்ரோல் பற்றவில்லை என்று அர்த்தம். சோக் போட்டும் ஒரு மாற்றமும் இல்லை, அல்லது சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று அறுந்து நிற்கிறது என்றால் பிளக்குக்குப் பொறி வரவைக்கிற காயில், கண்டன்சர் பக்கம் சந்தேகப்படுங்கள். சூடானால் கைவிட்டு, ஆறினால் வேலை செய்கிற குணம் அவற்றுக்கும் உண்டு. நின்றவுடனே ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளுத்துக் கிடந்தால் பெட்ரோல் குறைவு, கரி பிடித்திருந்தால் அதிகம்.

பெட்ரோல்தான் குறைவு என்று தெரிந்துவிட்டால் டேங்கிலிருந்து ஆரம்பியுங்கள். வண்டி திணறி நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டதா? மூடியில் காற்று போக வேண்டிய வழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தால்தான் பம்ப் இழுக்க முடியும். மூடியை லேசாக வைத்துவிட்டு ஏறிப் பாருங்கள். சரியாக ஓடினால் மூடியை மாற்றுங்கள், வேலை முடிந்தது. நிறையப் பேர் இதைப் பார்க்காமலே பம்பை மாற்றிவிடுகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் டேங்க் அழுக்கின் மேல்தான். பத்து நிமிடம் நின்றால் சரியாகிறது என்றீர்களே, அதனால் சொல்கிறேன். துருவும் மண்டியும் உறிஞ்சுகிற வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் நிற்கும், அழுக்கு உதிர்ந்து கீழே விழும். மறுபடி எடுத்தால் கொஞ்ச தூரம் போகும், திரும்ப அடைக்கும். எப்போதும் 200 ரூபாய்க்குப் போட்டு ரிசர்விலேயே ஓட்டுகிற வண்டிகளில் இது அதிகம். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், துருவும் தெரியும்.

அடுத்து பம்ப். உங்கள் வண்டியில் இருப்பது கரண்ட் பம்ப் இல்லை. இன்ஜினோடு ஒட்டி, இன்ஜினுக்குள் சுற்றுகிற கேம் ஷாஃப்ட் தள்ளத் தள்ள, டயாஃப்ரம் என்கிற சவ்வு அசைந்து உறிஞ்சுகிற பம்ப். சோதிக்க, இன்ஜின் நன்றாக ஆறட்டும். காயிலுக்கு வருகிற சின்ன ஒயரைக் கழற்றிவிடுங்கள், பொறியே வரக்கூடாது. பீடி, சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம். கார்ப்பரேட்டருக்குள் போகிற டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இன்னொருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள், ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும். பெட்ரோல் துடித்துத் துடித்துக் கனமாக அடிக்க வேண்டும். சொட்டினாலோ, நுரையும் குமிழியுமாக வந்தாலோ குறை கார்ப்பரேட்டரில் இல்லை, பம்பிலோ அதற்கும் முன்னால் டேங்க் பக்கமோ இருக்கிறது.

குமிழி வருகிறதென்றால் எங்கோ காற்று இழுக்கிறது. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள டியூபில் வெடிப்பு இருந்தால் வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது, காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். அதனால்தான் கண்ணில் படாமல் போய்விடுகிறது. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். 97-ல் போட்ட ரப்பர் அதை நினைத்துச் செய்ததல்ல. டியூபை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தாலோ, விரலில் கறுப்பு ஒட்டினாலோ மொத்தமாக மாற்றிவிடுங்கள், எத்தனால் தாங்குகிற டியூப் என்று கேட்டே வாங்குங்கள். கிளாம்பும் புதிதாகப் போடுங்கள்.

பம்ப் குறையா, டேங்க் குறையா என்று இழுபறியாக இருந்தால் இன்னொரு வழி. பம்புக்கு வருகிற டியூபை எடுத்துவிட்டு, தனியாக ஒரு டியூப் போட்டு, கேனில் இருக்கிற சுத்தமான பெட்ரோலில் முக்கி, முன்சொன்ன பாட்டில் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது கனமாக அடித்தால் பம்ப் நல்லது. டேங்க், ஃபில்டர், டியூப் மூன்றில் ஒன்றில்தான் அடைப்பு. இப்போதும் சொட்டினால் பம்ப் போய்விட்டது. கேனை இன்ஜின் அறைக்குள் கட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு, தயவுசெய்து அது வேண்டாம். ஆயில் குச்சியையும் இழுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்ப் டயாஃப்ரம் கிழிந்து ஆயிலில் கலக்கிறதோ என்று பாருங்கள். அப்படியென்றால் ஆயிலையும் சேர்த்து மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும்தான் இந்தத் தொந்தரவு என்றால், பெட்ரோல் டியூபிலேயே ஆவியாகிறதா என்றும் பார்க்கணும். டியூப் சைலன்சர் பக்கம் சாய்ந்து கிடந்தால் விலக்கிக் கட்டுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, பாட்டிலில் பெட்ரோல் கனமாக வந்தும் மேட்டில் திணறினால், அப்போது கார்ப்பரேட்டரைத் திறக்கச் சொல்லுங்கள். மாற்ற அல்ல, உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற ஃப்ளோட்டின் உயரம், ஊசி வால்வு, பெட்ரோல் போகிற சின்ன ஓட்டையான மெயின் ஜெட் மூன்றையும் பார்க்க. ஜெட்டில் கம்பி விட்டுக் குத்த விடாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும், காற்றடித்தால் போதும். ஃபில்டர் போடும்போது அம்புக்குறி பம்ப் பக்கம் பார்த்திருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். பாட்டிலில் என்ன வந்தது என்று எழுதுங்கள் அண்ணாச்சி, அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.