வெள்ளைச் சிறகுக்கு வெள்ளை கடைசியில்தான்

வணக்கம், மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் ஹாரன் ரொட்டிக்காரருடையது. அவர் எங்கள் வரிசை வீடுகளைத் தாண்டும்வரை அது ஓயாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேசைமேல் நான் வண்ணம் தீட்டும் குட்டிப் பிளாஸ்டிக் உருவங்கள், சிறகு முளைத்த வீராங்கனைகள், வரிசையாக நிற்கிறார்கள். கவசம், முகம், வாள் எதையும் இன்று தொடப்போவதில்லை. சிறகு மட்டும்தான். நன்றாக வண்ணம் தீட்டத் தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். கறுப்புப் பிரைமர், அதாவது சாயம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, அடித்துவிட்டு அதன்மேல் வெள்ளையைத் திரும்பத் திரும்பப் பூசுகிறார்கள். கடைசியில் இறகுக் கோடுகள் எல்லாம் மூடிப்போய், சிறகு சுண்ணாம்பு அடித்த சுவராக நிற்கிறது.

வெள்ளைச் சாயத்தின் சுபாவம் அப்படி. தண்ணீர் சேர்த்தால் அடியிலிருக்கும் நிறம் எட்டிப் பார்க்கும், சேர்க்காவிட்டால் திட்டுத் திட்டாகத் திரண்டு நிற்கும். அதனால் நான் வெள்ளையைப் பூசுவதே இல்லை என்று சொல்லலாம். வெளிர்ந்த அடித்தளம் போட்டு, நிழலை மட்டும் வரைகிறேன். மிச்சம் இருப்பதைக் கண் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது.

முதல் வேலை, சிறகை உடலில் ஒட்டாமல் வைப்பது. ஒட்டிவிட்டால் முதுகுப் பக்கம் பிரஷ் நுழையாது. ஒட்டும் முனையில் ஊசியால் சின்னத் துளை போட்டு, பல்குத்தும் குச்சியில் செருகிவிடுங்கள். எல்லாச் சிறகுகளையும் இப்படி நட்டுவைத்தால் ஒரே மூச்சில் வேலை நடக்கும். முதல் சிறகிலிருந்து கடைசிச் சிறகுக்குப் போவதற்குள் முதல் சிறகு காய்ந்திருக்கும்.

அடுத்தது பிரைமர். ஸ்பிரே அடிப்பவர்கள் நம் ஊர் ஈரக் காற்றை மறக்கக்கூடாது. விடியற்காலைப் பனியிலும், மழை இருட்டிக்கொண்டு வரும் பிற்பகலிலும் அடித்தால் சாயம் மாவு மாவாக இறங்கும், சிறகு சொரசொரத்துவிடும். வெயில் ஏறிய பிறகு, மேகம் கூடுவதற்கு முன்பு அடியுங்கள். வெளிர்சாம்பல் நிறமே போதும்.

இப்போது நிழல். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். 2019-இல், இப்படிப்பட்ட குட்டி உருவங்களைச் செய்யும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் காண்ட்ராஸ்ட் என்ற வகைச் சாயங்களைக் கொண்டுவந்தது. பள்ளத்தில் அடர்ந்தும் மேட்டில் மெலிந்தும் நிற்கும் சாயம் அது. அந்த வரிசையில் வந்த அப்போத்திகரி வொயிட் என்ற நீலச்சாம்பல் இந்த வேலைக்கே செய்ததுபோல் இருக்கிறது. அது கையில் இல்லையா? சாம்பல் சாயத்தில் ஒரு பொட்டு நீலம் விட்டு, மீடியம், அதாவது நிறமில்லாத சாயக் கலவை, கலந்து நீர்க்கச் செய்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் கரைத்தால் காய்ந்த பிறகு ஓரத்தில் கறை வளையம் விழும்.

கேமராவை அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். தோள் பக்கமிருந்து தொடங்கி இறகு நுனி நோக்கி இழுக்கிறேன். நுனியை நெருங்கும்போது பிரஷில் சாயம் குறைந்திருக்க வேண்டும். எங்காவது குளம் கட்டினால் ஈரமான சுத்தப் பிரஷால் ஒற்றி எடுத்துவிடுங்கள், ஆனால் பாதி காய்ந்ததைத் தொடாதீர்கள். சிறகின் உட்புறத்துக்கு இன்னொரு பூச்சு கொடுத்து, அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே மெனக்கெடுவது வீண்.

எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளை இல்லை. செம்பனைத் தோட்டத்து வாய்க்காலோரம் நிற்கும் கொக்கை மப்பு நேரத்தில் பாருங்கள், சிறகின் அடியில் நீலம் ஓடும். அதே கொக்கு சாயங்கால வெயிலில் மஞ்சள் பூசிக்கொள்ளும். சிவப்பு அங்கி, பொற்கவசம் போட்ட உருவத்துக்கு நான் நீல நிழல்தான் கொடுப்பேன், நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பச்சையும் பழுப்பும் உடுத்திய உருவமாக இருந்தால் நிழலில் இளம்பழுப்பு, மேலே தந்த நிறம். எலி பிடிக்கத் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே கூகை, அதன் மேற்சிறகில் பொன்பழுப்பு, அடியில் வெளுப்பு. துணிச்சல் உள்ளவர்கள் அதையும் முயலலாம்.

நிழல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் வெள்ளை. மிருதுவான, நுனி உருண்ட பிரஷ் எடுங்கள். முக ஒப்பனைக்கு விற்கும் மலிவான பிரஷ் அருமையாக உழைக்கும். சாயத்தைத் தொட்டு, அட்டையில் துடைத்து, விரலில் தேய்த்தால் ரேகை மட்டும் வெளுக்கும் அளவுக்குக் காயவிடுங்கள். இறகுகள் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லத் தடவினால் மேடுகள் மட்டும் வெள்ளையைப் பிடித்துக்கொள்ளும். தோளருகே உள்ள குட்டை இறகுகளுக்கு இதுவே முடிவு. நீண்ட இறகுகளுக்கு மட்டும் கூர்ப் பிரஷால் நுனியிலும் முன்விளிம்பிலும் தூய வெள்ளையில் ஒரு கோடு. எல்லா இறகுக்கும் கோடு போடாதீர்கள், சிறகு வேலிப் பலகையாகிவிடும்.

காய்ந்ததும் குச்சியை உருவி, ஒட்டும் முனையிலும் முதுகிலும் உள்ள சாயத்தைக் கத்தியால் சுரண்டுங்கள். இல்லாவிட்டால் சூப்பர் குளூ சாயத்தைத்தான் பிடிக்கும், பிளாஸ்டிக்கை அல்ல. பசையும் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். அதன் ஆவி படிந்து சுற்றிலும் வெண்படலம் விடும். சிறகில் தெரியாது, கறுப்புக் கவசத்தில் பளிச்சென்று தெரியும். கடைசியில் பாதுகாப்புக்கு அடிக்கும் பளபளப்பில்லாத மாட் வார்னிஷையும் மழை நாளில் அடிக்காதீர்கள், அதுவும் இப்படித்தான் பூத்துவிடும்.

வலப்பக்கச் சிறகை முதலில் ஒட்டுகிறேன். இது பிடிக்கும்வரை கையை எடுக்க முடியாது, கேமராவை நிறுத்தவும் முடியாது. நீங்களே மூடிக்கொள்ளுங்கள்.