உபயம் எழுத முடியாத செலவு

வணக்கம். குழந்தைகள் காப்பகங்களுக்கு யார் பணம் கொடுப்பது, எதற்குக் கொடுப்பது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் குழந்தை வளர்ப்பு நிபுணன் இல்லை. காப்பகங்களின் வரவு செலவுக் கணக்கை எழுதிக் கொடுக்கிறவன். அதனால் என் பேச்சில் தாலாட்டு குறைவாகவும் கூட்டல் கழித்தல் கூடுதலாகவும் இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மதியம் 2 மணிக்குக் கையெழுத்து வாங்குவதற்காக ஒரு காப்பகத்தின் கைக்குழந்தைகள் அறைக்குப் போனேன். ஒரு ஆயா, நான்கு குழந்தைகள். ஒன்று தூங்குகிறது. ஒன்றை மடியில் போட்டுப் பால்புட்டியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னொன்று தவழ்ந்து போய்க் கதவிடுக்கில் விரலை வைக்கப் பார்க்கிறது. நான்காவது டயப்பரை நனைத்துவிட்டு வீரிட்டு அழுகிறது. அவர் புட்டியை விடாமல் ஒரு காலை நீட்டிக் கதவை மறித்துக்கொண்டார். வாய் மட்டும் நான்காவதைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது. என் தாளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் நல்லது. அந்த அறையில் எட்டுக் குழந்தைகள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வெளியே வந்து யோசித்தேன்.

சரி, கணக்குக்கு வருவோம். நான்கு குழந்தைக்கு ஒரு ஆள் என்றால் ஒரு குடும்பத்தின் பங்கு ஆயாவின் சம்பளத்தில் கால்வாசி. இது தாளில். பெற்றோர் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுப் பயணமும் செய்கிறார்கள். எனவே காப்பகம் பத்துப் பதினோரு மணி நேரம் திறந்திருக்க வேண்டும். ஒரே ஆளால் முடியாது. அவருக்கும் விடுமுறை உண்டு, அவர் வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல் வரும். ஆக ஒன்றரை ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாடகை, மின்சாரம், சாப்பாடு, மேற்பார்வை. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு கைக்குழந்தைக்கு ஆகும் செலவு, ஒரு ஆயாவின் முழுச் சம்பளத்தில் ஏறத்தாழ பாதியைத் தொடும். அந்த ஆயா அளவுக்குச் சம்பாதிக்கும் ஒரு தாய் தன் குழந்தையை அங்கே விட்டால் பாதிச் சம்பளம் காலி. இரண்டு சின்னக் குழந்தைகள் என்றால் வேலைக்குப் போவதே வீண் என்று சொல்லிவிடுவார்கள்.

வேறு தொழிலில் இந்த இடத்தில் ஓர் இயந்திரம் வந்து காப்பாற்றும். இங்கே வராது. 1960களில் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இசைக்கலைஞர்களை வைத்து இதை விளக்கினார்கள். நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைக்கு நூறு ஆண்டுக்கு முன்னும் நால்வர் வேண்டும், இன்றும் நால்வர் வேண்டும். மற்ற தொழில்களில் கூலி ஏற ஏற இதன் செலவும் ஏறிக்கொண்டே போகும். பால் புகட்டுவதும் அப்படித்தான். வேகமாகப் புகட்டினால் புரையேறும்.

ஆகவே கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் காப்பகத்தை மட்டும் நெருக்கினால் அதற்கு மூன்றே வழிகள் உண்டு. ஒரு ஆளுக்கு நான்குக்குப் பதில் எட்டுக் குழந்தைகள், குறைந்த சம்பளம், மலிவான கட்டடம். மூன்றும் குழந்தையின் தலையில்தான் விடியும்.

மலிவான கட்டடம் என்றால் என்னவென்று மெக்சிகோவின் எர்மோசியோ நகரத்துப் பெற்றோருக்குத் தெரியும். கிடங்கு ஒன்றைக் காப்பகமாக மாற்றியிருந்தார்கள். அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்காகத் தனியார் நடத்திவந்த இடம். 2009 ஜூன் 5 அன்று, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொரு கிடங்கில் பிடித்த தீ கூரை வழியாகப் பரவியது. அவசர வழி உதவவில்லை. ஒருவர் தம் வண்டியைக் கொண்டுபோய் மோதிச் சுவரில் ஓட்டை போட்டார். இறந்த குழந்தைகள் 49 பேர். பெற்றோர் விடாமல் போராடிய பிறகு, 2011இல் காப்பகங்களுக்கென்று அங்கே தனிச் சட்டம் வந்தது. அரசுப் பணம் இருந்தும் இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். கொடுக்கிறவர் நேரில் வந்து கதவைத் திறந்து பார்க்கவும் வேண்டும்.

அரசு மனம் வைத்தால் எவ்வளவு வேகமாகச் செய்யும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஆயுத ஆலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். உடனே அரசுப் பணத்தில் காப்பகங்கள் முளைத்தன; பெற்றோர் கொடுத்தது ஒரு நாளைக்கு 50 சென்ட் அளவில்தான். போர்ட்லாந்து நகரில் கைசர் நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளங்களில் 1943இல் வாசலிலேயே காப்பகம் கட்டினார்கள். இரவு வேலைக்கு வருகிறவர்களுக்காக 24 மணி நேரமும் திறந்திருந்தது. வீட்டுக்குக் கிளம்பும் தாய் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் சமைத்த சாப்பாடுமாகப் போகலாம்! போர் முடிந்தது, 1946இல் அரசுப் பணம் நின்றது, பெரும்பாலானவை மூடப்பட்டன. அடுத்த நாள் முதல் குழந்தைகள் தாமாக வளரத் தொடங்கிவிட்டன போலிருக்கிறது.

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் வேறு மாதிரி தொடங்கியது. நாளைக்கு 5 டாலர், மீதியை மாகாண அரசு ஏற்கும். தாய்மார் வேலைக்குப் போவது வெகுவாகக் கூடியது. கூடவே காத்திருப்புப் பட்டியலும் நீண்டது. இடம் போதவில்லை என்று அவசரமாகச் சேர்த்த இடங்களில் தரம் ஒரே சீராக இல்லை. சில குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாக ஆய்வு வந்தது. லாப நோக்கில்லாத, நிர்வாகக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கும் காப்பகங்கள் மற்றவற்றைவிட நன்றாக நடந்தன. கட்டணத்தை ஒரே ஆணையில் குறைத்துவிடலாம், பழகிய ஆயாவை ஆணை போட்டு உருவாக்க முடியாது என்பதை நான் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

பணம் எந்த வழியாக வருகிறது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. வரிச் சலுகை தருகிறேன் என்பார்கள். வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத வீட்டுக்கு அதனால் ஒன்றுமில்லை. அன்றன்று வந்த குழந்தைகளின் தலையை எண்ணி மானியம் தருகிறேன் என்பார்கள். மழைக்காலத்தில் பாதிக் குழந்தைகள் சளியோடு வீட்டில் இருக்கும், மானியம் பாதியாகும், ஆயாவின் சம்பளம் பாதியாகுமா? நானும் பல மாதம் அந்தப் பள்ளத்தைக் கைமாற்று வாங்கி அடைத்துக் கணக்கு எழுதியிருக்கிறேன். இடத்தை எண்ணிக் கொடுங்கள், மாதம் பிறந்ததும் கொடுங்கள், அதில் ஒரு பகுதி சம்பளத்துக்கு மட்டும்தான் என்று எழுதிக் கொடுங்கள். பெற்றோர் பங்கு அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி இருக்கட்டும். சுவீடனில் 2002 முதல் வருமானத்தில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

நன்கொடையாளர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முறையில்லை. நல்ல மனிதர்கள். தொட்டில் தருவார்கள், மின்விசிறி தருவார்கள். இறக்கையில் உபயம் என்று பெயர் இருக்கும். நான் கணக்குப் பார்த்த ஒரு காப்பகத்துக்கு ஒருவர் மூன்றாவது ஊஞ்சல் தர வந்தார். பொறுப்பாளர் அம்மா, "ஊஞ்சல் வேண்டாங்க ஐயா, ஒரு ஆயாவோட சம்பளத்தை ஏத்துக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அவர் சிரித்துவிட்டு, "பேரை எங்கே எழுதுவீங்க?" என்றார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். இரண்டு வருடம் தேதி தவறாமல் பணம் வந்தது. அப்புறம் அவர் தொழிலில் நொடிப்பு, பணம் நின்றது. அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று மாதம் எப்படியோ ஓட்டினோம். நான்காவது மாதம் அந்த ஆயா, கொஞ்சம் கூடுதல் சம்பளத்துக்கு ஒரு கடையில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டார். கதவைக் காலால் மறித்தார் என்றேனே, அவர்தான். அவரிடம் மட்டுமே தூங்கிப் பழகிய ஒரு குழந்தை அடுத்த இரண்டு வாரமும் மதியத்தில் கண் மூடவில்லை. என் கணக்குப் புத்தகத்தில் அந்த மாதம் சம்பளச் செலவு குறைந்திருந்தது.