காட்டு பங்களாவின் சமையற்கட்டு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் மின்சாரம் நின்றுவிட்டால் என்ன செய்கிறோம்? முதலில் தீப்பெட்டியைத் தேடுகிறோம். பக்கத்து வீட்டிலும் இருட்டுதானா என்று எட்டிப் பார்க்கிறோம். கொஞ்ச நேரம் போனதும் வாசற்படிக்கோ மொட்டை மாடிக்கோ வந்து உட்கார்ந்துவிடுகிறோம். பேச்சு தானாகத் தொடங்குகிறது. விளக்கு திரும்ப எரிந்ததும் பேச்சு பாதியில் அறுந்து, அவரவர் அறைக்குப் போய்விடுகிறோம். அந்தப் பேச்சு அறுபடாமல் விடிய விடியத் தொடரும் இடம் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மலைக்காட்டுக்குள் இருக்கும் பழைய பங்களா.

பங்களா என்றதும் மாளிகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், பின்னால் தனியாக ஒரு சமையற்கட்டு. அவ்வளவுதான். கல்லூரியில் தாவரவியல் கற்பித்த காலத்தில் மாணவிகளோடும், ஓய்வு பெற்ற பிறகு என் கணவரோடும், ஆனைமலைக் காடுகளில் இப்படிப்பட்ட பங்களாக்களில் பலமுறை தங்கியிருக்கிறேன். ஓட்டு இடுக்கு வழியாக மழைச்சாரல் முகத்தில் விழ விழிப்புக் கொண்டதும் உண்டு. அந்த இரவுகளை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இவை ஏன் கட்டப்பட்டன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயருக்கு ஆனைமலை என்றால் தேக்கு. பம்பாய்க் கப்பல் தளத்துக்குத் தேக்கு வேண்டியிருந்தது. 1848-இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியிடம் இந்தக் காடுகளை ஒப்படைத்தார்கள். 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியதும், தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கும் காட்டு மரங்களைத் தேடினார்கள். பொள்ளாச்சிப் பக்கத்து நேயர்களுக்கு டாப்ஸ்லிப் நன்றாகத் தெரிந்திருக்கும். வெட்டிய மரங்களை மலை விளிம்புக்கு இழுத்து வந்து, சரிவில் சறுக்கிவிட்ட இடம் அது. பெயரே அப்படி வந்ததுதான். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. அதிகாரிகள் காட்டுக்குள் முகாமிட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. நடையாகவோ குதிரையிலோ ஒரு நாளில் போய்ச் சேரும் தொலைவுக்கு ஒன்று என்ற கணக்கில் பங்களாக்கள் எழுந்தன.

கல்லைச் சுமந்தவர்களும் மரத்தை இழைத்தவர்களும் பாதை வெட்டியவர்களும் யார்? பெரும்பாலும் காடர், மலசர், முதுவர் போன்ற மலை மக்களும் சமவெளியிலிருந்து வந்த கூலியாட்களும்தான். கட்டச் சொன்ன அதிகாரியின் பெயர் சில இடங்களில் கல்லில் இருக்கும். கட்டியவரின் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை.

இனி என்னோடு உள்ளே வாருங்கள். காலணியைக் கழற்றிவிட்டு வந்தால் நல்லது, மரத்தளத்தின் குளிர்ச்சி பாதத்தில் ஏறும். தேக்குப் பலகைத் தளம். நடந்தால் சில பலகைகள் குரல் கொடுக்கும். தலைக்கு மேலே மங்களூர் ஓடு. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு அந்த ஓடுகள் மலையெல்லாம் ஏறிவிட்டன. கீழே விழுந்த ஓடு கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், செய்த தொழிற்சாலையின் பெயர் அழுத்திப் பதிந்திருக்கும். குளியலறைக்கு வெளிப்பக்கமாக இன்னொரு கதவு இருக்கும். வெந்நீர் கொண்டு வருபவர் அறை வழியாக வராமல் அந்தக் கதவு வழியாக வந்து போக வேண்டும் என்று வைத்தது. ஒரு கதவுக்குள் ஒரு காலத்தின் மேல் கீழ் அத்தனையும் அடங்கியிருக்கிறது. எங்களோடு வந்த மாணவிகள் யாரும் வெந்நீருக்காகக் காத்திருந்ததில்லை. வாளியை எடுத்துக்கொண்டு அண்டாவுக்கே போய்விடுவார்கள்.

சமையற்கட்டு ஏன் தனியாக இருக்கிறது? விறகடுப்பு, மரக்கூரை. தீப்பிடித்தால் சமையற்கட்டோடு போகட்டும் என்ற எச்சரிக்கை. புகையும் அறைக்குள் வராது. இந்தச் சமையற்கட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பற்றித்தான் நான் நிறையப் பேசப்போகிறேன்.

1987, மே மாதக் கடைசி. எட்டு மாணவிகள், நான், என் கணவர். சாலை முடிந்த இடத்திலிருந்து மூன்று மணி நேரம் நடந்து போய்ச் சேர வேண்டிய பங்களா. அரிசி, பருப்பு, வெங்காயம், மண்ணெண்ணெய் எல்லாம் தலைச்சுமையாக வந்தன. அடிவாரச் சந்தையில் பலாப்பழம் வாசம் தூக்கியது. ஒரு பழம் வாங்கி, மூங்கிலில் கட்டித் தோள்மாற்றித் தூக்கி வந்தோம்.

பங்களா வாட்சர் ஒரு மலசர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெரியவர் என்றே நாங்கள் கூப்பிட்டோம். பழத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "அம்மா, இதை இருட்டுவதற்குள் தின்று தீர்த்துவிடுங்கள். சக்கையையும் தோலையும் என்னிடம் கொடுங்கள், ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறேன்" என்றார். பாதியைத் தின்றோம். பாக்கிப் பாதியைக் காலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மாணவி கேட்டாள். நானும் சரி என்றேன். பெரியவர் ஓடைக்குப் போயிருந்த நேரத்தில் அதைச் சாக்கில் சுற்றிச் சமையற்கட்டில் விறகுக்குப் பின்னால் வைத்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த ஒரு "சரி" இன்னும் என் நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது.

இரவு. தாழ்வாரத்தில் அரிக்கேன் விளக்கு. விளக்கைச் சுற்றி விட்டில்கள். கணப்பில் விறகு. கடமான் ஒன்று கீழே பள்ளத்தில் கத்தியது. மாணவிகள் தங்கள் ஊர்க் கதைகளைச் சொன்னார்கள். கல்லூரியில் மூன்று ஆண்டுகள் வாய் திறக்காத ஒரு பெண், தன் பாட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். நான் தொடக்கத்தில் சொன்னேனே, அறுபடாத பேச்சு என்று, அது இதுதான்.

நள்ளிரவு தாண்டியிருக்கும். கிளை முறியும் ஓசை. பிறகு ஒன்றுமே இல்லை. யானை நடந்தால் சத்தம் கேட்கும் என்று நினைக்கிறோம். கேட்காது. அதன் பாதம் அவ்வளவு மெத்தென்றது. முதலில் வந்தது வாசனை, ஈரச் சாணமும் நசுங்கிய இலையும் கலந்த வாசனை. அடுத்து, வயிற்றுக்குள் இடி உருள்வது போன்ற ஓர் ஒலி. பங்களாவைச் சுற்றி அகழி உண்டு. ஆனால் சமையற்கட்டுப் பக்கம் மழையில் கரை சரிந்து தூர்ந்து கிடந்தது. பெரியவர் எழுந்து விளக்கின் திரியைத் தணித்தார். எங்களை உள்ளறைக்குப் போகச் சொன்னார். என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, பழம் இருக்கிறதா?"

நான் தலையை ஆட்டினேன்.

அவர் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. தாழ்வாரத்தின் ஓரத்தில் நின்று, இருட்டைப் பார்த்து, வீட்டுக்கு வந்த பெரிய மனிதரிடம் பேசுவதுபோல் பேசினார். "சாமி, பிள்ளைகள் இருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு போய்விடு." யானை எடுத்துக்கொண்டுதான் போயிற்று. கதவு வழியாக அதனால் வர முடியாதே? சுவரைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொண்டு போயிற்று. கல் சரிகிற ஓசையை அறைக்குள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கேட்டோம். விடிந்து பார்த்தால், சமையற்கட்டின் ஒரு பக்கச் சுவர் தரையோடு கிடந்தது. பலாச்சுளையில் ஒன்றுகூட மிச்சமில்லை. சாக்கு மட்டும் ஓடைக்கரையில் கிடந்தது.

சில நாளில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டது. மழைக்காலம் முழுவதும் மூங்கில் தட்டி கட்டிய சுவருக்குள் பெரியவர் கஞ்சி காய்ச்சினார். எங்களால் வந்த கஷ்டம் அது. ஜனவரியில் சுவர் எழுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் கணவரும் மறுபடி போனோம், எங்களாலான உதவியைச் செய்ய. அந்த ஒரு வாரம் நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களிடம் சொல்ல இவ்வளவு தூரம் வந்தேன்.

அது சுண்ணாம்புச் சுவர். கொத்தனார் சமவெளிக்காரர், வயதானவர், சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். பல நாள் முன்பே குழியில் சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்திருந்தார். ஒரு மிடாவில் கடுக்காய் ஊறியது. இன்னொன்றில் கருப்பட்டி கரைந்தது. மணலோடு சேர்த்து, அந்தத் தண்ணீரை விட்டு, உலக்கையால் இடித்தார்கள். இடித்துக்கொண்டே இருந்தார்கள். "போதுமா?" என்று கேட்டால், கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பார்ப்பார். விழுந்தால் இன்னும் இடிக்க வேண்டும். வெண்ணெய்போல் ஒட்டிக்கொண்டு நின்றால் சுவருக்குப் போகும். விழுந்த அதே கற்களையே எடுத்து அடுக்கினார். சுண்ணாம்பு பிடித்த கல்லைத் தட்டினால் பூச்சு உதிர்ந்துவிடும், கல்லுக்குச் சேதமில்லை. நூறு ஆண்டு கழித்து இன்னொரு யானை வந்து தள்ளினாலும் அதே கல்லை அடுக்கிக்கொள்ளலாம்.

நேயர்களே, இதை நான் மறுபடி மறுபடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மலையில் ஆண்டில் பாதி நாள் ஈரம். சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிக்கொண்டே இருக்கும். உள்ளே தினமும் விறகெரிந்தால் உத்தரமும் கைமரமும் உலர்ந்து நிற்கும், புகை பட்ட மரத்தைப் பூச்சி எளிதில் அண்டாது. கட்டியவர்கள் இதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் கட்டினார்கள்.

பிற்பாடு ஒரு பங்களாவில் நான் பார்த்தது என்ன? நல்ல எண்ணத்தோடுதான் பழுதுபார்த்திருந்தார்கள். உள்ளும் புறமும் சிமென்ட் பூசி, வழவழவென்று வண்ணம் அடித்திருந்தார்கள். கணப்பை அடைத்துவிட்டார்கள். சில மழைக்காலம் கழித்துப் போனேன். சிமென்டில் மயிரிழை வெடிப்புகள். அதன் வழியே உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சுவருக்குள் பதிந்திருந்த உத்தரத்தின் முனையில் விரலை வைத்தேன், விரல் உள்ளே போயிற்று. ஈட்டிமர உத்தரம்! அத்தனை காலம் நின்ற மரம் மக்கிவிட்டது. "பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். பழமையால் வந்த கேடு அல்ல அது. ஊர்களில் பாட்டன் வீட்டைப் புதுப்பிக்கும் நேயர்களுக்கும் இதையே சொல்கிறேன். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமென்ட் பூசுவதற்கு முன் ஒரு நாள் யோசியுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. தேடிக் கூப்பிட வேண்டும், கூலியைக் குறைக்காமல் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, இந்தப் பங்களாக்களைப் பூட்டி வைத்தாலும் அழிந்துவிடும். ஆள் புழங்க வேண்டும், அடுப்பெரிய வேண்டும். அதனால்தான் போய்த் தங்குங்கள் என்கிறேன். ஒலிபெருக்கி வேண்டாம், கண்ணைக் கூசவைக்கும் விளக்கு வேண்டாம்.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார். ஹியூகோ உட் என்ற வன அதிகாரியைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஓரிரு வார்த்தையாவது சொல்லிவிடுகிறேன். வெட்டி வெட்டி மொட்டையாகிக்கொண்டிருந்த ஆனைமலைத் தேக்குக் காட்டை மீட்டவர் அவர். அடிமரத்தை விட்டு வெட்டினால் தூரிலிருந்து தேக்கு மறுபடி துளிர்க்கும். அந்த மறுதாம்பு முறையை இங்கே முறைப்படுத்தினார். சட்டைப் பையில் தேக்கு விதையை நிரப்பிக்கொண்டு, கைத்தடியால் குத்திய குழியில் போட்டுக்கொண்டே நடப்பார் என்று டாப்ஸ்லிப்பில் இன்றும் சொல்வார்கள். 1933-இல் காலமானார். அவர் விரும்பியபடியே டாப்ஸ்லிப்பில், தேக்குகளுக்கு நடுவே அவருடைய கல்லறை இருக்கிறது. அங்கே போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

காலைப் பறவைகளைப் பற்றிச் சொல்ல நேரமில்லை. இருவாச்சி பறந்தால் இறக்கை ஓசை மரத்துக்கு மேலே முதலில் கேட்கும், அதை மட்டும் கவனியுங்கள். பங்களாவின் வருகைப் பதிவேட்டில் வந்த தேதியோடு, பார்த்த விலங்கையும் பூத்திருந்த மரத்தையும் எழுதுங்கள். ஒழுகும் ஓட்டையும் எழுதுங்கள், யாராவது படித்துச் சரிசெய்வார்கள். நான் பார்த்த ஒரு பதிவேட்டில் ஒருவர், "மூன்று நாள் மழை. யானை வரவில்லை. வாட்சரின் ரசம் நன்று" என்று மட்டும் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்.

முன் அனுமதி வாங்காமல் கிளம்பாதீர்கள். மழைக்காலத்தில் அட்டைக்கு உப்பும் புகையிலையும் வேண்டும். அரிசி, பருப்பை வாட்சருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பழம் எதுவானாலும் அடிவாரத்திலேயே தின்றுவிட்டு ஏறுங்கள். நன்றி, வணக்கம்.