பிடிக்கும் கையை மீண்டும் நம்புதல்

(கிளிநொச்சியில் உளவளத்துணைப் பணியாளர்களும் ஆசிரியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, வன்னியின் பல கிராமங்களிலிருந்தும் வந்திருக்கும் பணியாளர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

இழப்புக்குப் பின்னர் இன்னொருவரை நம்புவது எப்படி என்ற பொருளில் பேசும்படி கேட்டிருந்தீர்கள். சர்க்கஸ் கூடாரத்தில், உயரத்தில் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் தாவிப் பார் விளையாடும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தன்னைப் பிடித்துவந்த துணையைப் பறிகொடுத்த அவர், புதியவர் ஒருவரோடு மறுபடியும் மேலேற வேண்டும். அவர் என் கற்பனைதான். அவர் செய்ய வேண்டிய வேலையோ உண்மையானது. நம்பிக்கையை உள்ளத்தின் உணர்வாக மட்டுமே பேசிப் பழகிய நமக்கு, உடலும் நேரமும் கயிறும் சேர்ந்தே அதை உண்டாக்குகின்றன என்பதை அந்த வேலை காட்டித்தரும்.

1859ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ஜூல் லியோத்தார் என்ற இளைஞர் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் பறந்து காட்டியதிலிருந்து இக்கலையின் வரலாறு தொடங்குகிறது. எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கியபடி, பறந்து வருபவரைப் பிடிக்கும் ஆள் பின்னர் வந்து சேர்ந்தார். இருவரும் விரல்களைக் கோத்துக்கொள்வதில்லை. ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பற்றுகிறார். பறப்பவர் கைகளை நீட்டி வைத்திருக்க வேண்டும், பிடிப்பவரின் கையைத் தேடித் துழாவக் கூடாது என்பது தலையாய விதி. ஒருமுறை கைவிடப்பட்ட உடம்புக்கு இதைவிடக் கடினமான விதி வேறில்லை.

ஊசல் ஒருமுறை போய்வரும் நேரம் எடையால் மாறாது, நீளத்தால் மாறும் என்று விஞ்ஞான ஆசிரியர்கள் படிப்பிக்கிறீர்கள். புதியவரின் உயரமும் கைநீளமும் வேறாக இருந்தால், அவர் ஆடிவரும் நேரமும் கைகள் சந்திக்கும் இடமும் சிறிதளவு மாறிவிடும். பல ஆண்டுகள் பழகிய உடம்பு பழைய கணக்கிலேயே பாரை விடுகிறது, கை தவறுகிறது, அவர் வலையில் விழுகிறார். "எனக்கு இவரில் நம்பிக்கை வரவில்லை" என்று அவர் சொல்ல, நாம் அதை மனக்குறை என்று எழுதிக்கொள்கிறோம். உண்மையில், இறந்தவரோடு செய்துகொண்ட ஏற்பாட்டை அவருடைய உடம்பு இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. 2009இல் தாயைப் பறிகொடுத்துச் சின்னம்மாவிடம் வளர்ந்த பிள்ளைகளில் சிலர், தலை வாரும்போது கழுத்தைத் திருப்பிக்கொண்டதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தாயின் கை எந்தப் பக்கத்திலிருந்து சீப்பைக் கொண்டுவரும் என்பதை அந்தக் கழுத்து அறிந்திருந்தது. அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே பயிற்சி அடியிலிருந்து தொடங்குகிறது. வலையில் முதுகு படும்படி விழுவதையும், முழங்காலால் பாரில் தொங்கியபடி கைகளை நீட்டிப் பிடிபடுவதையும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு பிள்ளையாக அவர் மறுபடியும் செய்ய வேண்டியிருக்கிறது. இடுப்பில் வார், அதன் கயிறு கீழே நிற்கும் பயிற்றுநரின் கையில். பெயர் பெற்ற கலைஞருக்கு இது மானக்குறைவாகப் படலாம். ஆனால் அந்தச் சிறிய, ஆபத்துக் குறைந்த பிடிப்புகளில்தான் உடம்பு புதிய கணக்கைக் கற்கிறது. பெரிய தாவலில் கற்க நேரமில்லை.

அவர் ஏறுமுன் கயிற்றையும் கொளுக்கியையும் திரும்பத் திரும்பச் சோதிப்பார். சோதிக்கட்டும். லிலியன் லைட்சல் என்ற புகழ்பெற்ற கலைஞர் 1931 பெப்ரவரியில் கோப்பன்ஹேகனில் விழுந்து இரண்டு நாட்களில் இறந்தபோது, முறிந்தது அவருடைய கயிற்றைத் தாங்கிய ஓர் உலோகச் சுழல் இணைப்பு. இழந்தவரின் ஐயம் பெரும்பாலும் அறிவுள்ள ஐயம்.

இங்கே ஒரு புகழ்ச்சியை நான் மறுக்க வேண்டும். 1962 ஜனவரி 30 அன்று டெட்ராயிட் நகரில், உயரக் கயிற்றின் மேல் எழுவராக அடுக்கி நடந்த வாலெண்டா குழுவினர் விழுந்ததில் இருவர் இறந்தனர்; ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தது. குழுத்தலைவர் கார்ல் வாலெண்டா மறுநாளே மீண்டும் கயிற்றில் ஏறினார். அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் அதை அளவுகோலாகத் தூக்கிக்கொண்டு நம் வீடுகளுக்குள் போகக் கூடாது. 31ஆம் நாள் இறப்புச் சடங்கான அந்தியேட்டி முடிந்தது, இனி எழும்பு என்று சொல்லும் உறவினர்கள் போதிய அளவு இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் கதையின் பெண்ணுக்குத் துணை இறந்துவிட்டார் என்பது தெரியும். 2017 பெப்ரவரியில் இதே கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயிலின் முன்னால், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைக் கேட்டு அமர்ந்த தாய்மாருக்கு அந்த உறுதியும் கிடைக்கவில்லை. அந்தியேட்டி செய்ய முடியாத வீட்டில் புதிய துணை என்ற பேச்சே காயப்படுத்தும். அங்கே நான் இதுவரை சொன்னது பொருந்தாது. பொருத்த முயலவும் வேண்டாம்.

பொருந்தும் வீடுகளில், பிடிப்பவரை மறந்துவிடாதீர்கள். அவருக்கும் அச்சம் உண்டு. இறந்தவரோடு ஒவ்வொரு நாளும் ஒப்பிடப்படுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். தன்னை நிரூபிக்கும் அவசரத்தில் முந்தி எட்டிப் பிடிக்கப் பார்த்தால், தன் ஊஞ்சலின் ஒழுங்கையே கெடுத்துக்கொள்வார். "இன்னும் என்னை நம்பவில்லையா" என்று கேட்கும் சிறிய தந்தையும், பிள்ளையின் அன்பை உடனே பெற்றுவிடத் துடிக்கும் சின்னம்மாவும் இதையே செய்கிறார்கள். நம் வீட்டு வருகைகளின்போது தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுபவர் பெரும்பாலும் அவர்தான். அடுத்தமுறை போகும்போது அவரையும் தனியே இருத்தி, இறந்தவரைப் பற்றி அந்த வீட்டில் அவர் முன்னால் பேசுகிறார்களா, அப்பேச்சு வரும்போது எழுந்து போகாமல் இருக்க அவரால் முடிகிறதா என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை இருந்து கேளுங்கள்.