எந்த நேரத்துல எங்க போகணும்: சேலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வருஷம் சித்தி பொண்ணு சென்னையில இருந்து வந்திருந்தா, வந்து பையை இறக்கி வச்ச உடனே கேட்ட மொத கேள்வி "அக்கா, இங்க பிரஞ்ச் (brunch) சாப்பிட எங்க போலாம், ஏதாச்சும் எக்ஸிபிஷன் நடக்குதா?"ன்னு. எங்க வீட்டுல எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னாங்க, சேலத்துல என்ன இருக்கு, ஏற்காடு கூட்டிட்டு போ. இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு மனசு வலிக்கும்ங்க. முப்பது வருஷமா இந்த ஊர்ல நடந்து திரியுறவ நான். இங்க பார்க்குறதுக்கு நிறைய இருக்கு, ஆனா எது எந்த நேரத்துல நடக்கும்னு தெரிஞ்சு போகணும், நேரம் தப்பிட்டா மூடின ஷட்டரைத்தான் பார்த்துட்டு வரணும்.

அதனால அவளை ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கே எழுப்பி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு கூட்டிட்டு போனேன். பனமரத்துப்பட்டி பக்கம் இருந்து வர்ற அரளி மூட்டை மூட்டையா குவிஞ்சு கிடக்கும், பக்கத்துலயே சம்பங்கி, மல்லி, ஈரத்தோட. ஒரு பாட்டி தராசுல பூவை அள்ளிப் போட்டுட்டு, எடை சரியானதுக்கு அப்புறமும் கைப்பிடி பூ மேல தூவி, "வச்சுக்க கண்ணு"ன்னாங்க. தங்கச்சி அந்தப் பூவைத் தலையில வச்சதும் அவ முகமே மாறிடுச்சு. எட்டரை மணிக்கெல்லாம் இந்தக் களை பாதி குறைஞ்சிரும்.

அங்கிருந்து சின்னக்கடை வீதி. மாம்பழ சீசனா இருந்தா அந்தத் தெருவுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே வாசம் வந்துரும், மல்கோவா, இமாம் பசந்த், செந்தூரா, சேலம் பெங்களூரான்னு வைக்கோல் மேல அடுக்கி வச்சிருப்பாங்க, கடைக்காரரே ஒண்ணை அறுத்துக் குடுத்து ருசி பார்க்கச் சொல்லுவாரு, இதை விட நல்ல கண்காட்சி வேற எங்க இருக்கு சொல்லுங்க.

இப்ப அந்த பிரஞ்ச் விஷயத்துக்கு வர்றேன். காலை டிபனுக்கும் மத்தியான சாப்பாட்டுக்கும் நடுவுல சாப்பிடுறதுதானே அது, சாரதா காலேஜ் ரோடு பக்கம் புதுசு புதுசா கபே வந்திருக்கு, பசங்க போறாங்க, நல்லாத்தான் இருக்கு, நான் குறை சொல்லல. ஆனா அந்த நேரத்துக்கு நான் சொல்ற இடம் ஏற்காடு மலை மேல. சேலத்துல இருந்து முப்பது கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருக்கும், சின்ன வயசுல நாங்க பஸ்ல எண்ணிக்கிட்டே போவோம். மேல போய் உக்காந்து ஏற்காட்டு காபியைக் குடிக்கணும். 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் அந்த மலையில காபியைக் கொண்டு வந்து நட்டாரு, இருநூறு வருஷமா அந்தச் சரிவுல நிழல் மரத்துக்கு அடியில காபியும், மரத்து மேல மிளகுக் கொடியுமா வளருது. மாசி பங்குனியில ஒரு நல்ல மழை பேஞ்சா ஒரு வாரம் பத்து நாள்ல செடி பூராம் வெள்ளையா பூத்துரும், மல்லிகை மாதிரியே வாசம், மூணு நாலு நாள்தான் இருக்கும். அந்த நாள்ல அந்த வழியா போறவங்க குடுத்து வச்சவங்க. மே மாசம் கோடை விழாவுக்கு அண்ணா பூங்காவுல மலர்க் கண்காட்சி வைப்பாங்க, அது எல்லாருக்கும் தெரிஞ்சது, கூட்டம் ஆகாதவங்க வார நாள்ல காலையிலயே போயிருங்க. ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜியை மட்டும் விட்டுராதீங்க.

அரசு அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், வெள்ளிக்கிழமை லீவு, பார்த்துப் போங்க. அங்க இருக்குற பழைய கல் சிலைங்க முன்னாடி குழந்தைகளைக் கொஞ்ச நேரம் நிக்க விடுங்க, அவங்களே கேள்வி கேப்பாங்க.

செவ்வாய்பேட்டைக்கு நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்குறேன். லீ பஜார் பக்கம் வெல்லம், பருப்பு மண்டி எல்லாம் தாண்டி உள்ள நடந்தா வெள்ளிக் கொலுசுக் கடைங்க. இந்தியா பூரா போற கொலுசு நம்ம ஊரு பட்டறைங்கள்ல செய்யுறதுங்க. சந்துல நடக்கும்போதே டக் டக்னு தட்டுற சத்தம் கேக்கும். வெள்ளியை உருக்கி, கம்பியா இழுத்து, அதைச் சின்னச் சின்ன வளையமா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு கோத்து, பத்த வச்சு, கடைசியில மெருகு போடுறதுன்னு ஒரு ஜோடி எத்தனையோ கை மாறி வருது, ஒருத்தர் வீட்டுல வளையம், இன்னொருத்தர் வீட்டுல சலங்கை. கடையில உக்காந்ததும் ஒரு தட்டுல குவியலா கொட்டுவாங்க. எங்க அத்தை டிசைனைப் பார்க்கவே மாட்டாங்க, மொதல்ல கொலுசோட திருகாணியை ரெண்டு தடவை கழட்டி மாட்டிப் பார்ப்பாங்க, அப்புறம் காது பக்கம் வச்சு ஆட்டுவாங்க, சத்தம் புடிச்சாத்தான் எடைக்கே அனுப்புவாங்க. தங்கச்சியும் அன்னைக்கு அதே மாதிரி காதுல வச்சு ஒம்பது ஜோடி கேட்டுட்டு பத்தாவதை எடுத்தா.

சாயங்காலம் ஆச்சுன்னா தட்டுவடை செட். போன தடவை வெளியூர் தோழி ஒருத்தியை மூணு மணிக்கு கூட்டிட்டு போய் வண்டியே வராம நின்னோம், நாலரைக்கு மேலதான் போகணும். முதல் அக்ரஹாரம் பக்கம் தள்ளுவண்டியில அந்த அண்ணன் கை போற வேகத்தைப் பார்க்கணும்ங்க, தட்டை மாதிரி இருக்குற சின்னச் சின்ன தட்டுவடை பத்தை வரிசையா பரப்பி, பச்சைச் சட்னி ஒரு சொட்டு, பூண்டு போட்ட சிவப்புக் காரச் சட்னி ஒரு சொட்டு, மேல துருவின பீட்ரூட், கேரட், பொடிப்பொடியா நறுக்கின வெங்காயம், அதுக்கு மேல இன்னொரு தட்டுவடையை வச்சு ஒரு அமுக்கு. "காரம் தூக்கலாவா சாமி?"ன்னு கேட்டுக்கிட்டே குடுப்பாரு. முழுசா வாயில போட்டுரணும், பாதியா கடிச்சா எல்லாம் சட்டையில. வச்சிருந்து சாப்பிடவும் கூடாது, ரெண்டு நிமிஷத்துல நமுத்துரும். அதை வாங்கிட்டுப் போய் வீட்டுல சாப்பிடுறேன்னு சொல்றவங்களைப் பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும், அந்த மொறுமொறுப்பு வண்டி பக்கத்துல நின்னாத்தான் கிடைக்கும். அடுத்த ரவுண்டுக்கு முறுக்கு செட், நொறுக்கல்.

கண்காட்சின்னு அவ கேட்டாளே, அதுக்கு நான் ஆடி மாசம் வான்னு சொல்லிட்டேன். கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டி அரசுப் பொருட்காட்சி வரும், அந்தக் காலத்துல போஸ் மைதானத்துல அப்பா தோள் மேல உக்காந்து ராட்டினத்தைப் பார்த்ததும், முகத்தை விடப் பெரிய டெல்லி அப்பளத்தை ரெண்டு கையில புடிச்சுக்கிட்டு நடந்ததும் இன்னும் அப்படியே கண்ணுல இருக்கு. அதை விடப் பெருசு எனக்கு, நம்ம ஊர்ல குகைங்கிற பகுதியில நடக்குற வண்டி வேடிக்கை. பக்கத்துப் பட்டறையில வேலை செய்யுற அண்ணன், தறி ஓட்டுற தம்பி எல்லாம் சிவன், முருகன், காளின்னு வேஷம் கட்டி, ஜோடிச்ச வண்டியில அசையாம நின்னு வருவாங்க, நூறு வருஷத்துக்கு மேல நடக்குற விழா இது. ஒரு வருஷம் பால முருகன் வேஷம் போட்ட பையன் வேலைப் புடிச்ச கையோட தூங்கிட்டான், பின்னாடி நின்ன பார்வதி, அதாவது அவங்க அப்பா, ஒரு கையால அவன் முதுகைத் தாங்கிக்கிட்டே கடைசி வரைக்கும் வந்தாரு.

இந்த வருஷம் தங்கச்சி இப்பவே ரயிலுக்கு டிக்கெட் போட்டுட்டா. குகையில அத்தை வீட்டுத் திண்ணையில அவளுக்கு இடம் சொல்லி வச்சாச்சு. சாயங்காலம் ஏழு மணிக்குள்ள வந்து உக்காந்துரணும், அதுக்கு மேல தெருவுல கால் வைக்க முடியாது.

நன்றி, வணக்கம்.