இரண்டு டிரைவ், இரண்டு ஓஎஸ்: இன்ஸ்டால் செய்யும் முன் விண்டோஸ் டிரைவைக் கழற்றுங்கள்

[திரையில்: திறந்த கேபினெட், மதர்போர்டில் இரண்டு எம்.2 எஸ்எஸ்டிகள்]

வணக்கம். மேலே இருக்கிற எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே இருப்பது புதிது, காலி. அதில் உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸைப் (இயங்குதளத்தை) போடப் போகிறோம். ஒரே டிரைவைப் பிரித்தும் இரண்டையும் வைக்கலாம்தான். ஆனால் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கும்போது அந்த வம்பு எதற்கு?

இன்ஸ்டாலரில் புது டிரைவைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் அதற்குள்ளேயே போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

[திரையில்: இஎஃப்ஐ பார்ட்டிஷன் படம்]

பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு நேரே விண்டோஸுக்குப் போவதில்லை. முதலில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்ற சின்ன இடத்துக்குப் போகிறது. விண்டோஸ் தானாக உருவாக்கும்போது பெரும்பாலும் வெறும் 100 எம்பி. ஓஎஸ்ஸை எழுப்பிவிடுகிற பூட்லோடர் அதற்குள்தான் இருக்கும்.

உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரில் பல வருடங்களாகப் பேசப்பட்ட ஒரு கோளாறு உண்டு. பூட்லோடருக்கு இரண்டாவது டிரைவைக் காட்டினாலும், முதல் டிரைவில் விண்டோஸ் வைத்திருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே கொண்டுபோய் வைத்துவிடும். விண்டோஸ் இன்ஸ்டாலரும் லேசுப்பட்டதல்ல. வேறு டிரைவில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் கண்ணில் பட்டால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டு ஓஎஸ்ஸும் ஒழுங்காக பூட் ஆவதால் உங்களுக்குச் சந்தேகமே வராது. என்றைக்காவது அந்த முதல் டிரைவைக் கழற்றி விற்பீர்கள், இல்லை ஃபார்மட் செய்வீர்கள். அன்றைக்கு இன்னொரு டிரைவும் பூட் ஆகாது.

அதனால் இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் டிரைவ் கம்ப்யூட்டரில் இருக்கவே கூடாது.

அதற்கு முன் விண்டோஸுக்குள் இரண்டு வேலை. ஒன்று, பிட்லாக்கர்: டிரைவில் இருப்பதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து அமைத்த பல புதிய கம்ப்யூட்டர்களில் உங்களைக் கேட்காமலேயே இது ஆன் ஆகியிருக்கும். பயாஸில், அதாவது மதர்போர்டின் செட்டிங்ஸில், கை வைத்த பிறகு விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே தாளில் எழுதி வையுங்கள். இரண்டாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது.

[திரையில்: ஸ்க்ரூவைக் கழற்றும் கை, நெருக்கமாக]

இப்போது ஷட் டவுன் செய்து, பவர் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். எம்.2 டிரைவைப் பிடித்திருப்பது ஒரே ஒரு குட்டி ஸ்க்ரூ. அதை எடுத்ததும் டிரைவ் தானாகச் சாய்வாக எழும்பி நிற்கும்; அந்தச் சாய்விலேயே மெதுவாக வெளியே இழுங்கள். ஹீட்சிங்க் மூடியிருந்தால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். சாட்டா டிரைவ் என்றால் கேபிளைப் பிடுங்கினால் போதும். லேப்டாப்பைத் திறக்கப் பயமா? சில பயாஸ்களில் அந்த ஸ்லாட்டையே அணைக்கும் வசதி இருக்கிறது, பாருங்கள்.

அப்புறம் உபுண்டு பென்டிரைவைச் செருகி, 'முழு டிஸ்க்கையும் அழித்து இன்ஸ்டால் செய்' என்பதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். அழிய வேறு எதுவும் அங்கே இல்லை. டிரைவே தெரியவில்லை என்றால், இன்டெல் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் பயாஸில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி என்ற இன்டெலின் டிரைவ் நிர்வாக அமைப்பு ஆனில் இருப்பதுதான் காரணம். ஆனால் அதை யோசிக்காமல் மாற்றாதீர்கள். விண்டோஸைத் தயார்படுத்தாமல் மாற்றினால் அது நீலத் திரையில் போய் நிற்கும்.

உபுண்டு தனியாக பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, விண்டோஸ் டிரைவைத் திரும்ப மாட்டுங்கள். எது வழக்கமாக வர வேண்டுமோ அதை பயாஸில் முதலில் வையுங்கள். மற்றது வேண்டும்போது பூட் மெனு: டெல், லெனோவோவில் எஃப் 12, எச்பியில் எஃப் 9. லினக்ஸின் பூட்லோடரான கிரப் காட்டும் மெனுவிலேயே விண்டோஸையும் சேர்க்கலாம். நான் சேர்க்க மாட்டேன். இரண்டையும் இவ்வளவு பாடுபட்டுப் பிரித்துவிட்டு, மறுபடி ஏன் முடிச்சுப் போட வேண்டும்?

[திரையில்: "செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்" பிழைச் செய்தி]

டிரைவ் இரண்டானாலும் மதர்போர்டு ஒன்றுதான். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய லினக்ஸ் பூட்லோடர்களைத் தடுக்கும் விதியை மதர்போர்டின் நினைவகத்தில் எழுதியது. தனி டிரைவில் லினக்ஸ் வைத்திருந்தவர்களும் இந்தச் செய்தியைப் பார்த்தார்கள். பூட்லோடரைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்த விதியை நீக்கித்தான் பலர் மீண்டார்கள்.

கடிகாரமும் அப்படித்தான், இரண்டுக்கும் ஒன்றே. மதர்போர்டில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதை யுடிசி, அதாவது உலகப் பொது நேரம் என்கிறது. அதனால் இந்தியா, இலங்கையில் உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் நேரம் சரியாக ஐந்தரை மணி பின்னால் காட்டும். திரையில் உள்ள கட்டளையை லினக்ஸில் ஒருமுறை கொடுத்தால் சரியாகிவிடும்.

[திரையில்: டைம்டேட்சிடிஎல் கட்டளை]

கொடுத்ததும், கோடைக்கால நேர மாற்றங்களில் சிக்கல் வரும் என்று லினக்ஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூரில் இருப்பவர்கள் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். லண்டன், டொராண்டோ மாதிரி கோடையில் கடிகாரத்தை மாற்றும் ஊர்க்காரர்கள், லினக்ஸை அப்படியே விட்டுவிட்டு விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்ற உள் அமைப்புப் பட்டியலில் யுடிசிக்கு மாற்றிக்கொள்வது நல்லது.