ஆளைத் தேடுகிறோமா, ஜாதகத்தைத் தோண்டுகிறோமா? | தேங்காப்பட்டணத்திலிருந்து

மக்களே, வணக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணம் துறைமுகத்துப் பக்கம் நின்று பேசுகிறேன். காற்று இரைச்சல் கொஞ்சம் இருக்கும், மைக்கில் துணி சுற்றியும் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு மீன் ஏலம் காட்டுவதாகத்தான் சொல்லியிருந்தேன். அது அடுத்த வீடியோவில் வரும். போன வீடியோவுக்குக் கீழே நீங்கள் போட்டிருந்ததை எல்லாம் படித்த பிறகு, இங்கே நின்று நண்டு விலை சொல்ல மனசு வரவில்லை.

"அண்ணே, அந்தக் கேஸைப் பத்தி நீங்க மட்டும் ஏன் பேசல?" இதுதான் கேள்வி. எந்தக் கேஸ் என்று நம் மாவட்டக்காரர்களுக்குத் தெரியும், அதனால் ஊரும் பேரும் வேண்டாம். ஒரு பெண்ணைக் காணவில்லை. அவருக்குப் பழக்கமான ஒருவரை ஸ்டேஷனுக்கு அழைத்து விசாரித்திருக்கிறார்கள். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த ஆள் கைதாகவில்லை, ரிமாண்ட் இல்லை. மிச்சம் எல்லாம் நாம் சேர்த்த சரக்கு.

என்ன சேர்த்திருக்கிறோம் என்று பாருங்கள். அவருடைய பழைய ஃபேஸ்புக் படம் ஒன்று சுற்றுகிறது. மரச்சீனி விளையில், அதாவது மரவள்ளித் தோட்டத்தில், கையில் வெட்டோத்தி என்கிற வெட்டுக்கத்தியோடு நிற்கிறார். சென்னையிலிருந்து ஒரு சேனல் அதில் சிவப்பு வட்டம் போட்டு, "ஆயுதத்துடன் போஸ்" என்று தலைப்பு வைத்திருக்கிறது. விளைக்குப் போகிறவன் கையில் வெட்டோத்தி இல்லாமல் வேறு என்ன இருக்கும்? என் வீட்டுச் சாய்ப்பில் மூன்று கிடக்கிறது. அடுத்தது, "இவன் திடீர்னு வெளிநாடு போனது ஏன், ஒரே வருஷத்துல திரும்பி வந்தது ஏன்?" நம் ஊரில் கல்ஃப் போகாத வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, சொல்லுங்கள். ஏஜென்ட் சொன்ன வேலை வேறு, அங்கே கொடுத்த வேலை வேறு என்று ஒரே வருடத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவர்களை எனக்கே தெரியும்.

இதிலேயே மோசம் கோர்ட் விவகாரம். இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயரும் வருடமும் போட்டால் வழக்குகள் வரும். வக்கீல்களும் வழக்காடுகிறவர்களும் தேதி பார்ப்பதற்கான வசதி அது. நம் துப்பறிவாளர்கள் அதில் போய்த் தேடி, "இவன் மேல ஏற்கெனவே மூணு கேஸ் இருக்கு" என்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நானும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். ஒன்று சிவில் வழக்கு, வழக்கு எண்ணுக்கு முன்னால் ஓ.எஸ். என்றே இருக்கிறது. நம் பக்கத்தில் அது பெரும்பாலும் வரப்புத் தகராறாகவோ சுவர்த் தகராறாகவோ இருக்கும். இன்னொன்று எம்.சி.ஓ.பி., அதாவது வாகன விபத்து இழப்பீடு. அதில் இந்தப் பெயர்க்காரர் மனுதாரர், வண்டியில் அடிபட்டவர்! மூன்றாவது கிரிமினல் வழக்குதான். ஆனால் அதில் தகப்பன் பெயரின் முதலெழுத்தே வேறு.

நம் ஊர்ப் பெயர்களைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அஜின், சுபின், விபின், லிபின், ஜெபின். ஒரு பள்ளிக்கூட வகுப்பில் கூப்பிட்டால் நாலு பேர் எழும்புவார்கள். குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். அதையும் பலர் ஃபேஸ்புக்கில் போடுவதில்லை. ஒரு பெயரை வைத்து இரணியலிலும் குழித்துறையிலும் பத்மநாபபுரத்திலும் வழக்குத் தேடினால், சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருடைய வாழ்க்கை வந்து விழும். அதைத்தான் இப்போது இவர் தலையில் கட்டியிருக்கிறோம்.

இது நாம் மட்டும் செய்கிற வேலை இல்லை. 2013இல் லாஸ் ஏஞ்சல்ஸில் செசில் என்கிற ஓட்டலில் தங்கியிருந்த ஒரு கனடா நாட்டு மாணவியைக் காணவில்லை. லிஃப்ட்டுக்குள் அவர் விநோதமாக நடந்துகொள்கிற சிசிடிவி காட்சியைப் போலீஸ் வெளியிட்டது. உலகம் முழுக்க உட்கார்ந்து அதை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தார்கள். கடைசியில் மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு மெட்டல் இசைக்காரரைப் பிடித்தார்கள். என்ன ஆதாரம்? அவரும் அந்த ஓட்டலில் தங்கி வீடியோ போட்டிருந்தார். பாட்டில் சாவும் ரத்தமும் வரும், முகத்தில் பயங்கரமாக வேஷம். பின்னணி என்று பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அவர் அங்கே தங்கியது 2012இல், அந்தப் பெண் காணாமல் போவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு. தேதியைப் பார்த்தாலே முடிந்துபோகிற விஷயம். வேஷத்தைப் பார்த்தவர்கள் தேதியைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் உடல் ஓட்டல் மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் கிடைத்தது. விபத்தாக மூழ்கி இறந்தார் என்று மருத்துவ அதிகாரி முடிவு சொன்னார். இசைக்காரருக்கு வந்த கொலை மிரட்டல்களுக்கு யார் முடிவு சொல்வது?

இங்கிலாந்தில் 2023 ஜனவரியில் லங்காஷயர் பகுதியில் ஒரு கிராமம். ஆற்றோரம் நாயோடு நடக்கப் போன ஒரு தாயைக் காணவில்லை. போன் பெஞ்சில் கிடக்கிறது, ஆபீஸ் மீட்டிங் கால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டிக்டாக் கூட்டம் கிராமத்துக்குள்ளேயே போய் இறங்கிவிட்டது. கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் தனி உத்தரவு போட வேண்டியிருந்தது. அவருடைய துணைவரைத்தான் கொலைகாரன் என்றார்கள். பிப்ரவரி 19ஆம் தேதி உடல் அதே ஆற்றில், சுமார் ஒரு மைல் தள்ளிக் கிடைத்தது. அதுவும் விபத்து என்றே விசாரணையில் முடிவானது.

"அப்போ பொதுமக்கள் வாயை மூடிட்டு இருக்கணுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. 2021இல் அமெரிக்காவில் வேனில் சுற்றுலா போன ஒரு இளம்பெண் காணாமல் போனார். நம்மைப் போல வீடியோ போடுகிற ஒரு குடும்பம், தாங்கள் வயோமிங் மாநிலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே எடுத்த பழைய பதிவைத் திரும்பப் பார்த்தது. ஆகஸ்ட் 27ஆம் தேதி ஒரு முகாம் பகுதியில் அந்த வெள்ளை வேன் நிற்பது அதில் இருந்தது. எஃப்.பி.ஐ.க்கு அனுப்பினார்கள். தேடல் அந்த இடத்தில் குவிந்தது. செப்டம்பர் 19ஆம் தேதி உடல் கிடைத்தது. அவர்கள் யாருடைய குணத்தையும் ஆராயவில்லை. ஒரு இடம், ஒரு தேதி, அவ்வளவுதான் கொடுத்தார்கள்.

சரி, நம் கேஸுக்கு வருகிறேன். பத்மநாபபுரம் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்கிற ஒரு வக்கீல் அக்காவிடம் இதைப் பற்றிப் பேசினேன். கிரிமினல் கேஸில் பெரும்பாலும் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, ஆஜராகிறவர். சிரித்துக்கொண்டே, "ஏடே, உங்க வீடியோ எல்லாம் வர வர எனக்கு வேலை குறையுது" என்றார். எனக்குப் புரியவில்லை. அப்புறம் விளக்கினார்.

கைது செய்து கொண்டுபோகும்போது சில பேருக்கு முகத்தில் துணி போட்டு மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவமானத்துக்காக மூடுவது என்று நானும் நினைத்திருந்தேன். முக்கியமான காரணம் வேறு. முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னால், மாஜிஸ்திரேட் முன்னால் அடையாள அணிவகுப்பு நடத்துவார்கள். ஒரே மாதிரியான பல பேரோடு அவரை நிறுத்தி, "நீ பார்த்தது இதில் யார்?" என்று கேட்பார்கள். சாட்சி அந்த முகத்தை அதற்கு முன்பே போட்டோவில் பார்த்திருந்தால் அணிவகுப்புக்கு மதிப்பே போய்விடும். எதிரி வக்கீல் எழுந்து ஒரே கேள்விதான் கேட்பார்: "இந்தப் படத்தை உங்கள் போனில் பார்த்தீர்களா, இல்லையா?"

யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்ணை அன்று சாயங்காலம் யாரோ ஒருவரோடு பஸ் ஸ்டாப்பில் பார்த்த ஒரு சாயாக்கடைக்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாம் இவருடைய படத்தை நாற்பது வீடியோவில் காட்டிவிட்டோம். இனி அவர் இவரை அடையாளம் சொன்னாலும் கோர்ட்டில் நிற்பது சந்தேகம். ஒருவேளை இவர்தான் குற்றவாளி என்றால், இவர் தப்பிக்க நாமே கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். இல்லை, இவர் ஒன்றும் செய்யவில்லை என்றால், சாயாக்கடைக்காரரின் நினைவில் வேறு யாரோ ஒருவருடைய முகம் இருந்த இடத்தில் இவர் முகத்தை ஒட்டிவிட்டோம். இரண்டில் எது நடந்திருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு நம்மால் நஷ்டம்தான்.

பின்னணி விஷயத்திலும் அக்கா ஒன்று சொன்னார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சாட்சியச் சட்டத்தில் 49ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 54. கிரிமினல் வழக்கில் ஒருவருடைய முந்தைய கெட்ட நடத்தை பொதுவாக எடுபடாது. "நான் நல்லவன்" என்று அவரே சாட்சியம் கொண்டுவந்தால் அதற்குப் பதிலாகக் கொண்டுவரலாம். போலீஸும் பின்னணியை விசாரிப்பார்கள்தான். ஆனால் அவர்கள் பார்ப்பது வேறு: யாரிடம் போயிருப்பார், எந்த ஊரில் சொந்தம், எந்த வண்டி. கடைசியில் கோர்ட்டில் நிற்க வேண்டியது கடைசியாக ஒன்றாகப் பார்த்த இடம், நேரம், போன், பொருள்.

போன் என்றதும் இன்னொரு கூத்து. "ராத்திரி அவன் போன் கேரளா டவர்ல இருந்திருக்கு, அப்போ பார்டர் தாண்டியிருக்கான்" என்று ஒருவர் மேப் வரைந்து காட்டியிருக்கிறார். அந்த டவர் விவரம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பது தனிக் கேள்வி. கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் கட்டிலில் படுத்துக் கிடந்தாலே போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும். பார்டர்வாசிகள் யாரையாவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். எந்த டவர் என்பது ஏறத்தாழ எந்தப் பக்கம் என்று காட்டும், எந்த வீடு என்று காட்டாது.

நான் இன்றைக்கு இந்த இடத்தில் நின்று பேசுவதற்கும் காரணம் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்தக் கரையில் எத்தனை வீட்டில் ஆளைக் காணாமல் காத்திருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்போதும் வாட்ஸ்அப்பில் கதைகள் பறந்தன. ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கோயில் வளாகங்களில் உட்கார்ந்து ஒரு வேலை நடந்தது. படகின் பெயர், உள்ளே போன ஆட்கள், கடைசியாக அவர்களைக் கடலில் பார்த்தது யார், எங்கே என்று பட்டியல் எழுதினார்கள். கரைக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு படகுக்காரரிடமும் அதையே கேட்டார்கள். லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் போய் ஒதுங்கிய படகுகளின் செய்தி வந்தபோது அந்தப் பட்டியலில் ஒத்துப் பார்த்துத்தான் வீட்டுக்குத் தகவல் சொன்னார்கள். காணாமல் போனவர்களைத் தேடுவது எப்படி என்று நம் மாவட்டத்துக்கு வெளியூர் சேனல் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

"போலீஸ் ஒண்ணும் செய்யல, அதனாலதான் நாங்க இறங்கினோம்" என்கிறவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிட்டு, எஃப்.ஐ.ஆர். போட இழுத்தடிப்பது நடக்காத விஷயம் இல்லை. ஆனால் அதற்கு வழி இருக்கிறது. காணாமல் போனவர் குழந்தை என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் போட வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பெரியவர் என்றாலும் எஸ்.பி. அலுவலகம் இருக்கிறது. சட்டவிரோதமாக யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் இருந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். என்ன செய்தாய் என்று இன்ஸ்பெக்டரை நீதிபதி கேட்பார். நம் வீடியோவுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் பதில் மனு தாக்கல் செய்யப்போவதில்லை.

இன்னொன்று. இப்படி மனு போட்ட சில வழக்குகளில் அந்தப் பெண்ணே கோர்ட்டில் வந்து, "நான் என் இஷ்டத்துக்குத்தான் போனேன், வீட்டுக்குப் போக மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். வயது வந்தவர் என்றால் நீதிபதி அவர் விருப்பப்படி விட்டுவிடுவார். இந்தக் கேஸில் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் "கண்டுபிடிச்சா லொக்கேஷன் போடுங்க" என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உண்மையிலேயே உதவ வேண்டும் என்றால் கடைக்காரர்களுக்கும் வீட்டில் கேமரா வைத்திருப்பவர்களுக்கும்தான் நான் சொல்வது. அந்தச் சாலையில் உங்கள் கேமரா இருந்தால் இன்றைக்கே அந்த நாளின் பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள். ஹார்டு டிஸ்க் நிரம்பினால் பழையதன் மேல் புதியது ஏறிவிடும், பல கடைகளில் சில வாரம்கூடத் தாங்காது. கேமரா பதிவு சேருகிற டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரத்தைப் போனில் இருக்கிற நேரத்தோடு வைத்துப் பாருங்கள். பத்து நிமிடம் முந்தியோ பிந்தியோ இருக்கும், அந்த வித்தியாசத்தை எழுதி வையுங்கள். டி.வி.ஆர். பெட்டியையும் கழற்றாதீர்கள். மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்க அதே புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலப் பதிவு எங்கே இருந்தது என்று கேட்பார்கள். நேராக ஸ்டேஷனில் கொடுங்கள், இல்லையென்றால் 112க்குக் கூப்பிடுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பினால் நான் போடவும் மாட்டேன்.

கடைசியாக, அந்த ஆளின் வீட்டு முகவரியையும் அவர் தங்கச்சி படிக்கிற கல்லூரிப் பெயரையும் என் கமெண்டில் போட்டிருந்தவர்களுக்கு. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். திரும்பப் போட்டால் பிளாக் செய்வேன். யார் மேலும் சும்மா பழி சுமத்தி வீடியோ போட்டால் அவதூறு வழக்கில் இரண்டு வருடம் வரை சிறை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தங்கச்சி என்ன செய்தாள் என்று மட்டும் எனக்குப் பதில் எழுதுங்கள், அதை அழிக்க மாட்டேன்.